என் மனைவிக்கு ஓர் ஆறடித் தூண்டில்

"இந்த வீட்டில் இனி நான் வைத்ததுதான் சட்டம். நான்காவது தூண்டிலை வாங்கியே தீருவேன். யார் தடுத்தாலும் நிற்க மாட்டேன்!"

ஒரு சனிக்கிழமை காலை இப்படி உரக்க அறிவித்தேன். குளியலறைக்குள் இருந்தபடி. தாழ் போட்டுக்கொண்டு. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு.

"அறிவிப்பு முடிஞ்சிருந்தா குழாயை மூடுங்க," என்று வெளியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "தண்ணி வீணாப் போகுது."

மூடினேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷத்தில் இந்த ஊரில் நான் மேலே ஏற்றிவிடாத ஆளே கிடையாது. ஏற்றிவிட்ட எனக்குத்தான் இன்னும் தரைத்தளத்து வீடு. என் மனைவி தையல்காரி. வாசல் அறைதான் அவள் கடை. ரெடிமேடாக வாங்கிய துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்து, பிரித்து, குறைத்துக் கொடுப்பாள். கழுத்தில் எந்நேரமும் ஒரு டேப் தொங்கும். அவள் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். என் உயரம் ஐந்தடி நாலு. இது நான் சொல்வது. அவள் டேப் சொல்வது ஐந்தடி இரண்டே முக்கால். கல்யாண ஃபோட்டோவில் நான் ஒரு படி மேலே நிற்கிறேன். அந்த ஃபோட்டோகிராஃபரை இன்றைக்குப் பார்த்தாலும் கும்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்குப் போய்விடுவேன். என்னிடம் மூன்று தூண்டில் கோல்கள் இருந்தன. நீளமாக இருந்தால் தூரமாகப் போகும், தூரமாகப் போனால் பெரிய மீன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கியவை. முதலாவது ஏழரை அடி. அந்த எண்ணைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். இரண்டாவது மடக்கிப் பையில் வைப்பது. மடங்கும், பிறகு நிமிராது. மூன்றாவது எட்டடி. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு திருப்புத் திருப்பினேன். கூடத்து விளக்கு உடைந்து விழுந்தது.

கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, சட்டைக்கு எத்தனை பட்டன் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"இதோட மூணு. நாலாவது ஒண்ணு உங்களுக்காக இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அப்படியிருந்தும் நான்காவது ஏன் தேவைப்பட்டது? மேனேஜரால்.

ஏரியில் ஒரு பழைய மரப் படகுத்துறை உண்டு. அதன் பலகைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. உள்ளே ஒரே நிழல். அந்த நிழலில் ஒரு மீன் இருக்கிறது. யார் போனாலும் வெளியே வராது. எதைக் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. சின்ன மீன்களை அனுப்பி நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் நானும் பல் டாக்டரும் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தோம். பல் டாக்டர் எங்கள் மாடிவீட்டுக்காரர். அவரும் ஞாயிறு தோறும் வருவார். ஒரே படகில் போனால் சண்டை வருகிறது என்று ஆளுக்கொரு படகு எடுப்போம்.

"மேலேருந்து எறிஞ்சா பலகையிலதான் விழும் சார்," என்றார் டாக்டர் ஒருநாள். "தட்டைக்கல்லை எறிஞ்சா தண்ணி மேல தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி முள்ளுல மாட்டின ரப்பர் மீனை விடணும். பக்கவாட்டுல, தாழ்வா, மணிக்கட்டால ஒரு சுண்டு. தத்திக்கிட்டே மேனேஜர் ரூமுக்குள்ள போயிடும்."

"அட! தத்து வீச்சு!"

என் ஏழரையை எடுத்தேன். பக்கவாட்டில் கொண்டுபோய்ச் சுண்டினேன். ரப்பர் மீனுக்கு முன்னால் கோலின் நுனி தண்ணீரில் அடித்தது. பளார்! யாரோ ஏரியைக் கன்னத்தில் அறைந்த மாதிரி. இன்னொரு தடவை. பளார்! பதினோரு தடவை அறைந்தேன். ஏரி பொறுமையாக இருந்தது.

"கோல் நீளம் சார்," என்றார் டாக்டர். "உங்க உயரத்துக்கு..."

"என் உயரத்துக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. நான் வாயை மூடிக்கறேன்."

ஊரில் எல்லார் வாயையும் திறக்கச் சொல்கிற மனிதர் தன் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு மோசமாக இருந்தது என் நிலைமை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேராகத் தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெலிந்த மனிதர். எந்த பேண்ட்டும் இடுப்பில் நிற்காது. என்னைக் குட்டையான ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"இதுதான் தண்ணி. இது படகு. வீசுங்க."

ஏழடிக் கோலைக் கொடுத்தார். வீசினேன். நுனி தரையில் 'டக்' என்றது.

"தண்ணியில அடிச்சிட்டீங்க."

ஆறரை அடி. 'சர்ர்' என்று தேய்த்துக்கொண்டு போனது.

"பரவாயில்லை. ஆனா மீனுக்குக் காது கேட்கும்."

ஆறடி. சத்தமே இல்லை. தரைக்கு நாலு விரல் மேலே காற்றாகப் போனது.

"இதுதான் சார் உங்களுக்கு. நீளம் கூடினா வேகம் வரும், இல்லேங்கலை. ஆனா நுனி தண்ணியைத் தொட்டா அந்த வேகத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? படகுல நின்னு வீசுற உயரமான ஆளா இருந்தா ஏழடி குடுப்பேன். உட்கார்ந்து வீசுறவங்க, கொஞ்சம்... அடக்கமான ஆளுங்க, அவங்களுக்கெல்லாம் ஆறடிதான்."

அடக்கமான ஆள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் வாங்கலாம் என்று தோன்றியது. அவர் விற்பது கோல், கூடவே மூட்டுவது கோள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? ஒரு லிஃப்ட்டின் மேல் கூரையில் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பதில் கிடைத்தது. 'உங்களுக்காக' வரக்கூடாது என்றுதானே சொன்னாள்? அவளுக்காக வந்தால்? அடுத்த வாரம் அவள் பிறந்தநாள்!

இந்த வழி எனக்குப் புதிதல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் பிறந்தநாளுக்குத் துளை போடும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் தலையில் மாட்டிக்கொள்கிற டார்ச். போன வருஷம் படகில் போட்டு உட்கார ஒரு மெத்தை. ஒவ்வொரு தடவையும் "எனக்கு எதுக்குங்க இது, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். நானும் பெருந்தன்மையாக வெச்சுக்கிட்டேன்.

பிறந்தநாள் காலை. அவள் வெட்டு மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள். நான் நீளமான பொட்டலத்தை நீட்டினேன்.

"என்னங்க இது?"

"பிரிச்சுப் பாரேன்."

பிரித்தாள். "தூண்டிலா?"

"உனக்குத்தான்!"

"எனக்கா?"

"உனக்கேதான். நாலாவது எனக்காக வரக்கூடாதுன்னு சொன்னே. வரலையே! உனக்காக வந்திருக்கு."

"இதை வெச்சு நான் என்ன பண்றது?"

"தத்து வீச்சு."

"இந்த வயசுல யாரைத் தத்து எடுக்கப் போறோம்?"

"எடுக்கறது இல்லைம்மா, தத்த விடறது. அதுக்குன்னு ஒரு தத்துவமே இருக்கு."

சொன்னேன். ரப்பர் மீன், மணிக்கட்டு, நிழல், மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். 'நீங்களே வெச்சுக்கங்க' என்ற வாக்கியம் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று கை இரண்டையும் லேசாக முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். கோலை மேஜை மேல் வைத்து அளந்தாள். தன் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள். பிறகு, கேட்காமலேயே, என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள்.

"நல்லா இருக்குங்க. ரொம்ப சந்தோஷம். அளவுதான் சரியில்லை."

"கோலுக்கு என்ன அளவு? இது என்ன ஜாக்கெட்டா?"

"யாரோ குள்ளமானவங்களுக்கு எடுத்த மாதிரி இருக்கு."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"முதல் தடவையா எனக்குன்னு யோசிச்சு ஒண்ணு வாங்கியிருக்கீங்க. அது சரியான அளவுல இருக்க வேணாமா? மாத்திட்டு வந்துடறேன்."

"வேணாம்! அந்தக் கடையில மாத்தித் தர மாட்டாங்க!"

"தருவாரு. அவரோட நாலு பேண்ட்டும் என்கிட்டதான் இருக்கு."

போனாள். அரை மணி நேரத்தில் வந்தாள். கையில் ஏழடிக் கோல்.

"நல்ல மனுஷன்," என்றாள். "எனக்கு வாங்கற கோலுக்கு உங்களை எதுக்கு ஸ்டூல்ல உட்கார வெச்சுப் பார்த்தாராம்?"

"அது... ஒரு மாதிரிக்கு."

"மாதிரிக்கா?"

"மாடல் மாதிரி."

"ஓ," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வாசல் அறையிலிருந்து 'சுர்ர்... டப்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். முள்ளைக் கழற்றிவிட்டு ரப்பர் மீனை மட்டும் கட்டிக்கொண்டு, வெட்டு மேஜைக்கு அடியில் விட்டுக்கொண்டிருந்தாள். வழவழத் தரையில் அது வழுக்கிக்கொண்டே போய், மேஜையின் நாலு காலையும் தொடாமல், எதிர்ச்சுவரில் முட்டியது.

"எப்படி இது?" என்றேன்.

"இதுல என்ன இருக்கு? துணியை மேஜை மேல விரிக்கிற சுண்டுதான். பதினாலு வருஷமா பண்றேன்."

அப்புறம் ரீலைச் சுற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்," என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் என்னை எல்லாரும் கூப்பிடுவார்கள். லிஃப்ட் நின்றுவிட்டது, கதவு மூடவில்லை, உள்ளே மாமியார் மாட்டிக்கொண்டார், மெதுவாகவே வாருங்கள் என்று. ஏரியில் மட்டும்தான் யாரும் எனக்கு எதுவும் சொல்ல மாட்டார்கள். அங்கேயும் அவள் வந்துவிட்டால்?

"வெயில் தாங்காதும்மா."

"தொப்பி தெச்சு வெச்சிருக்கேன்."

"கொசு பிடுங்கும்."

"களிம்பு இருக்கு."

"கழிப்பறை கிடையாது. உனக்குச் சரிப்படாது."

"படகுத்துறைக்குப் பின்னாடி இருக்கு. சுத்தமா வெச்சிருக்காங்களாம். படகுக்காரர்கிட்ட போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

சரி, ஒரு மணி நேரத்தில் அலுத்துப் போகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை. ஏரி அசையாமல் கிடந்தது. படகுக்காரர் கொடுத்த மிதவைச் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திப் பிடித்துக்கொண்டாள். படகுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, மற்ற சட்டைகளையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் துடுப்புப் போட்டேன். டாக்டர் தன் படகில் எங்களுக்கு முன்பே போய் நின்றிருந்தார்.

"முதல்ல நான் காட்டறேன். பார்த்துக்கோ," என்று சொல்லி என் ஏழரையை எடுத்தேன். "தோளை ஆட்டக்கூடாது. மணிக்கட்டு மட்டும். நுனி தாழ்வா வரணும், ஆனா தண்ணியைத் தொடக்கூடாது. இது அனுபவத்துல வர்றது. பார்த்தியா, இப்படி..."

பளார்!

அவள் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்து," என்றேன்.

காற்று இல்லை. அவள் தொப்பிகூட அசையவில்லை. நான் தொடர்ந்து பேசினேன். நைலான் நரம்பைப் பற்றி, நிழலைப் பற்றி, ரீலைப் பற்றி, மேனேஜரின் குணத்தைப் பற்றி. கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தாள்.

"உஷ். மீன் பயப்படுது."

வாயை மூடினேன். அப்போதுதான் கேட்டது, ஏரியில் எவ்வளவு அமைதி இருக்கிறதென்று. இத்தனை வருஷமாக அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது யார் என்றும் விளங்கியது.

அவள் எழுந்து நின்றாள். தட்டையான அடிப்பாகம் உள்ள படகு; ஆடவில்லை. ஐந்தடி எட்டு அங்குல உயரத்திலிருந்து ஏழடிக் கோல் சாய்வாக இறங்கி, தண்ணீருக்கு நாலு விரல் மேலே வந்து நின்றது. யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு சுண்டு. ரப்பர் மீன் தண்ணீரை ஒரு தடவை தொட்டது. இரண்டு தடவை. மூன்று, நாலு, ஐந்து. பலகைக்கு அடியில் நிழலுக்குள் போய் மறைந்தது.

"உள்ள போயிடுச்சு," என்றாள், தபால் போட்டுவிட்டு வந்த மாதிரி.

கோல் வளைந்தது.

அடுத்த ஐந்து நிமிஷம் அவள் இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு படகின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் தவழ்ந்தேன். "இடது பக்கம்!" என்றேன். அவள் வலது பக்கம் இழுத்தாள். மீன் வந்தது. அவளுடைய விரல் நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டும் நீளம். பச்சையும் பழுப்புமாக, கீழ்த்தாடையைத் தூக்கிக்கொண்டு, லீவு கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது. மேனேஜரேதான்.

நான் இரண்டு வருஷம் தவம் கிடந்த மீன். அவள் ஈரக் கையால் அதை ஏந்தி, முள்ளைக் கழற்றி, கழுத்து டேப்பால் அளந்தாள். இருபத்திரண்டு அங்குலம்.

"விட்டுடலாமா?" என்றாள்.

"என்னது? விடறதா?"

"வயசான மீனுங்க. பாருங்க, எவ்வளவு அலுப்பா இருக்கு."

தண்ணீரில் வைத்து மெதுவாகப் பிடித்திருந்தாள். அது வாலை ஒரு வீசு வீசிவிட்டு, நிதானமாகத் தன் அறைக்குள் போய்விட்டது. அவள் கையை உதறிக்கொண்டு, ஏரியின் அந்தக் கரை வரைக்கும் பார்த்தாள்.

"இவ்வளவு நல்லா இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

டாக்டர் துடுப்புப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மேடம், பிரமாதம்! எத்தனை அடி?"

"ஏழு, டாக்டர்."

"நான் நேத்துதான் ஆறடி வாங்கினேன். யாரோ திருப்பிக் கொடுத்ததாம். கை படாத கோல். நம்மளை மாதிரி அடக்கமான ஆளுங்களுக்கு அம்சமா இருக்கு சார், பாருங்க!"

பார்த்தேன். என் கோல். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த கோல். கைப்பிடியில் நான் வைத்த நகக்கீறல் கூட இருந்தது.

"நல்லா இருக்கு," என்றேன்.

அன்று முழுக்க அவள் வீசினாள், நான் படகை நிறுத்தினேன், திருப்பினேன், நகர்த்தினேன். உண்மையைச் சொன்னால் அது மோசமான நாள் இல்லை. இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் என் பையைத் தானே வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு நானும் நின்றுகொண்டே வீசிப் பார்க்கிறேன், இரண்டு பேருமாகவே வரலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டமும் போட்டேன். மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு ஏறி நின்றால் ஏழடி எனக்கும் சரிப்படும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் துடுப்புக் கையுறையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றேன்.

"அஞ்சரைக்கு. ஆனா படகுல ரெண்டு பேருக்குத்தான் இடம்."

"நாம ரெண்டு பேர்தானே?"

"டாக்டரோட வீட்டம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் சரின்னுட்டேன்." அவள் ஒரு துணியை மடித்து வைத்தாள். "நாளைக்குத் திரைச்சீலை வாங்கிட்டுப் போக ஆள் வரும். கீழ்மடிப்பு மட்டும் பாக்கி. ஊசி கோத்து வெச்சிருக்கேன். தையலை நேரா போட்டா போதும்."

ஞாயிறு காலை. வாசல் அறையில் உட்கார்ந்து நேராகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பல் டாக்டர். வெறுங்கையோடு நின்றிருந்தார்.

"உங்க ஆறடி எங்கே டாக்டர்?"

"வீட்டுக்காரி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. உங்க வீட்டம்மா வந்து டேப் வெச்சு அளந்து பார்த்தாங்களாம். அவளுக்குத்தான் கனகச்சிதமா இருக்காம்."

டாக்டர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரைச்சீலையின் மறுமுனையை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு ஊசி இருக்கா சார்?"